திருவிழாவும் ஒரு மாத்திரையும்

ஆவணி பிறந்ததும் வேளாங்கண்ணிப் பயணத்திற்கு நம் இல்லங்களில் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. அந்த ஆயத்தங்களுள் ஒன்றாக, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வதும் நம் பெண்களிடையே வழக்கமாகிவிட்டது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாம் கண்டவரையில், அதை வாங்குவோருள் பலர் மருத்துவரைக் கண்டு வந்தவர் அல்லர். அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு வந்தவரே.

திண்டிவனத்தில் நாம் அறிந்த இளந்தாய் ஒருவர் அவ்வாறே மாத்திரை உண்டு, இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து சென்று வந்தார். மூன்றாம் நாள் இடது கால் வீங்கிற்று. நடந்த களைப்பு என்றெண்ணித் தைலம் தடவினர். காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருந்ததை மருத்துவர் கண்டறிந்ததால் உயிர் தப்பினார்.

நோர்எதிஸ்டெரோன் என்னும் இம்மாத்திரை, பெரும்பாலும் 5 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை உண்ணப்படுகிறது. அதன் ஒரு பகுதி உடலினுள் எதினைல் ஈஸ்ட்ரடையோலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் உள்ள பொருளும் அதுவே. இரத்தத்தை எளிதில் உறையச் செய்வது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 1961-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் ஒருவர் இதனை எழுதினார். கருத்தடைக்காக அன்றி, வேறொரு நோய்க்காக அத்தகைய மாத்திரை உண்ட செவிலிக்கு நேர்ந்தது அது.

அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. கருத்தடை மாத்திரை உண்ணாத பதினாயிரம் பெண்களுள் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கும், உண்போருள் 3 முதல் 9 பேருக்கும் இவ்வாறு இரத்தம் உறைகிறது. ஆனால் முன்னரே இரத்தம் உறைந்தவர், அண்மையில் மகப்பேறு கண்டவர், மிகப் பருத்த உடலினர் ஆகியோருக்கு இடர் மிகுதி. உயர் இரத்த அழுத்தமோ, கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலியோ உடையவர் கருத்தடை மாத்திரை உண்டால் பக்கவாதமும் நேரக்கூடும்.

இத்தனை இடரும் எதற்காக? மாதவிலக்கில் ஆலயத்திற்கு வரலாகாது என்ற சட்டம் திருச்சபையில் இல்லை. அந்நாளில் பெண்ணை ஆலயத்தினின்று தடுக்கலாகாது, நற்கருணை பெறுவதினின்றும் விலக்கலாகாது என்று திருத்தந்தை முதலாம் கிரகோரியார் பதிலளித்ததாகப் பீட் என்னும் துறவி எட்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துள்ளார்.

ஆகவே தாய்மாரே, வேறு காரணத்திற்காக மாத்திரை தேவையெனில், முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நோய்களை மறைக்காது கூறுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும் ஒரு நாளும் தாமதியாதீர்கள். மாதாவின் சந்நிதிக்கு நம் புதல்வியர் அச்சமின்றி, உள்ளபடியே வரட்டும்.