மணிக்கட்டில் ஒரு பச்சை விளக்கு

எங்கள் மகன் கல்லூரி அணியில் 5,000 மீட்டர் ஓடுபவன். சென்ற ஆண்டு அவனுக்கு ஓர் ஓட்டக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். அதன் அடிப்புறத்தில் பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும். தோலுக்குள் பாயும் அவ்வொளியில் ஒரு பங்கை இரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அப்பங்கு கூடிக் குறைவதைக் கொண்டே கடிகாரம் நாடியை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால் எண்ணிக்கை பிசகும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே அளப்பதால் இன்னும் துல்லியமானது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

முதல் வாரமே எங்களுக்கு நடுக்கம். ஓய்வில் அவனது நாடி 46! பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? பயிற்சியாளர் சிரித்தார். நெடுந்தொலைவு ஓடிப் பழகிய இதயம் ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுமாம். ஆகவே மெதுவாகத் துடித்தால் போதுமாம். (உம்மம்மாவின் மனம் மட்டும் ஆறவேயில்லை.)

ரமழான் வந்தது. பயிற்சி தராவீஹுக்குப் பிந்தைய நேரத்திற்கு மாறியது. நண்பகலில் தண்ணீர் அருந்தச் சொல்லிக் கடிகாரம் அதிர்ந்துகொண்டே இருந்தது; நோன்பென்று அதற்கு யார் சொல்வது? அதன் தரவுகள் எங்கள் கைப்பேசிக்கும் வரும்படி முன்பே செய்து வைத்திருந்தோம். பத்தாம் நோன்பளவில் உறக்கம் நான்கு மணி நேரத்திற்கும் குறைவு, நாடி 55. ஒருநாள் நள்ளிரவு ஒரு மணிக்கு அவன் தனியே 8 கிலோமீட்டர் ஓடியிருப்பதை வரைபடம் காட்டியது. மறுநாள் இஃப்தார் முடிந்ததும் எல்லோர் எதிரிலும் அதைக் காட்டி விசாரித்தோம். அவன் மறைக்கவில்லை. தேர்வுப் போட்டி நெருங்குகிறது, பின்தங்கிவிடுவேனோ என்று அஞ்சியே ஓடினேன் என்றான். பிறகு மெல்லக் கேட்டான்: "வாப்பா, என்னிடமே கேட்டிருக்கலாமே?"

பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருப்பதை ஹுஜுராத் அத்தியாயத்தில் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். பெற்றோருக்கு அது பொருந்தாதென்று நாங்களாகவே ஒரு விலக்கை எழுதிக்கொண்டோம் போலும். அக்கறை எங்கே முடிந்து வேவு எங்கே தொடங்கியது என்று இன்றும் எங்களால் திட்டமாகச் சொல்ல இயலவில்லை. ஏனெனில் அந்த எண் பொய்யுரைக்கவில்லை. பிள்ளையின் உடல் மெய்யாகவே களைத்திருந்தது. பயிற்சியாளர் கடும் ஓட்டங்களை நிறுத்தி, நோன்பு திறக்குமுன் அரை மணி நேர மென்னோட்டம் போதும் என்றார். கைப்பேசியிலிருந்த இணைப்பை நாங்களே நீக்கினோம்.

ஒரு வாரம் ஸஹர் உணவை அவன் பேசாமலே உண்டு எழுந்தான். எட்டாம் நாள், சோற்றில் தயிரை ஊற்றியபடி, யாரும் கேளாமலே, "இன்று 49" என்றான்.