நிற்பதற்காகக் கட்டிய வள்ளம்

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வீச்சுவலைக்காரர் உட்கார்ந்து தொழில் செய்ய முடியாது. திரளியும் மணலையும் கூட்டமாக வரும்போது நீரின் மேற்பரப்பு மெல்லச் சுருங்கும். அந்தச் சுருக்கம் நிற்கிற ஆளின் கண் உயரத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வள்ளத்துக்குள் குந்தியிருப்பவருக்கு நீரில் மின்னும் சூரிய ஒளி மட்டும்தான் தெரியும். வலையும் அப்படித்தான். இடுப்பு திரும்பி, தோள் சுழன்று, கடைசியில் விரல்கள் விட்டால்தான் அது வட்டமாக விரியும். உட்கார்ந்து வீசிய வலை கயிற்றுக் கட்டுப்போல விழும். ஆகவே இங்கே கேள்வி, நிற்கலாமா என்பதல்ல. நிற்கிற ஆளைத் தாங்க வள்ளம் எப்படி இருக்கவேண்டும், அந்த ஆள் எப்படி நிற்கவேண்டும் என்பதுதான்.

இதைத் தெரிந்துகொள்ளப் பாசையூர்க் கரையிலிருந்து ஒரு வள்ளத்தில் ஏறினேன். வள்ளக்காரருக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். அவருடைய மகன் பின்புறக் கடையாரில் நின்று மரக்கோலால் தாங்கித் தள்ளினான். ஏரி பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு ஆழம்தான். அங்கெல்லாம் கோல் தரையைத் தொடும். அவர் முன்புற அணியத்தில் வெறுங்காலோடு நின்றார்.

"எழும்பி நில்லுங்கோ தம்பி, இருந்தாப் பழகேலாது," என்றார்.

எழுந்தேன். வள்ளம் இரு பக்கமும் உலைந்தது.

"விறைச்சு நிக்காதேங்கோ. முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கோ. வள்ளம் ஆடட்டும், நீங்கள் ஆடாதேங்கோ. காலடியில தண்ணியைப் பாக்கக் கூடாது, அங்கால கரையைப் பாருங்கோ."

அவருடைய கால்களைக் கவனித்தேன். ஒரு பாதம் முன்னே, மற்றது அரை அடி பின்னே. இரண்டும் வள்ளத்தின் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தன. முழங்கால்கள் ஓயாமல் வேலை செய்தன, ஆனால் தலை அசையவில்லை. வள்ளம் இடப்பக்கம் சாயும் கணத்திலேயே முழங்கால் மடங்கி, எடை வலது காலுக்குப் போய்விடுகிறது. இதை நினைத்துச் செய்ய நேரம் போதாது. பத்துப் பன்னிரண்டு வயதில் தகப்பனோடு ஏறி, உடம்பிலேயே ஊறிய பழக்கம் அது.

வீசும் முன் அவர் இரண்டு வேலைகள் செய்தார். வள்ளத்துக்குள் கசிந்து தேங்கியிருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் இறைத்தார். பிறகு வலையை அணியத்துக்கு நேர் முன்னே வீசினார், பக்கவாட்டில் அல்ல. இரண்டுக்கும் ஆழமான காரணம் உண்டு. உள்ளே தேங்கிய நீர் வள்ளம் சாயும் பக்கமே ஓடிப்போய் அந்தச் சாய்வைக் கூட்டும்; நிற்கிறவருக்கு அதைவிடக் கொடிய எதிரி இல்லை. நீளவாட்டில் வள்ளம் எளிதில் புரளாது, குறுக்கேதான் புரளும். ஆகவே வீசும் உந்தலும், நனைந்து கனத்த வலையை இழுக்கும் பாரமும் நீளவாட்டிலேயே போகவேண்டும். வலையை இழுக்கும்போது மகன் கோலை அழுத்தி ஊன்றிக்கொண்டான். சேற்றில் ஊன்றிய அந்தக் கோல் வள்ளத்துக்கு ஒரு கால்.

கரைக்கு வந்தபின் வள்ளம் கட்டும் ஓர் ஓடாவியைச் சந்தித்தேன். பழைய வள்ளம் ஒன்றுக்குப் பலகை மாற்றிக்கொண்டிருந்தார். வங்குகள் எனப்படும் விலாச்சட்டங்களுக்கு இயல்பாகவே வளைந்த வேம்பும் பூவரசும் ஓரமாகக் கிடந்தன. வள்ளத்தின் அடி எவ்வளவு தட்டையாக இருக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் கையை விரித்துக் காட்டினார். "அடி அகலிச்சா நிக்கலாம், ஆனா காத்துக்கு எதிராத் தாங்கேக்க முதுகு முறியும். ஒடுக்கினா ஓடும், நிக்கேலாது. ஆர் ஏறப்போறான் எண்டு பாத்துத்தான் நான் அகலம் வைக்கிறன்."

கப்பற்பொறியியல் பாடநூலும் இதையே சொல்கிறது. நீளமும் விலக்கும் நீரின் அளவும் மாறாதிருக்க, ஒரு படகு சாய்ந்தபின் நிமிர்ந்துகொள்ளும் வலிமையின் அடிப்படை, நீர்க்கோட்டில் அதற்குள்ள அகலத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் அந்த அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். ஓர் அங்குலத்துக்காக ஓடாவி அரைநாள் யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எடையும் இதில் சேரும். உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்தால் அவருடைய உடற்பாரத்தின் மையம் சுமார் 60 சென்ரிமீற்றர் உயரும் என்று வைப்போம். 180 கிலோ வள்ளத்தில் 60 கிலோ ஆள் எழுந்தால், ஆளும் வள்ளமும் சேர்ந்த பாரமையம் 15 சென்ரிமீற்றர்தான் உயரும். அதே ஆள் 40 கிலோ கயாக்கில் எழுந்தால் 36 சென்ரிமீற்றர் உயரும். வெளிநாடுகளில் நின்று தூண்டில் போடுவதற்கென்றே விற்கும் கயாக்குகள் பல 34 அங்குலமும் அதற்கு மேலும் அகலம் கொண்டவையாக, அடியில் இரட்டை முகடு வைத்துச் செய்யப்படுவது இதனால்தான். எழும்போது பிடித்துக்கொள்ள முன்னே ஒரு பட்டி கட்டுகிறார்கள். போதாவிட்டால் இரு பக்கமும் மிதவை பூட்டுகிறார்கள். நீர்கொழும்பிலும் காலியிலும் ஒருவ என்னும் வள்ளத்தின் பக்கத்தில் நீட்டிக் கட்டிய மிதவைக் கட்டை செய்வதும் அதே வேலைதான். பாக்கு நீரிணையில் வேறொரு வழி இருந்தது. சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல், 1920இல் வெளியான இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வில் அதை விவரித்திருக்கிறார். படகின் குறுக்கே நீண்ட பலகையைப் போட்டு, காற்று வலுக்கும்போது ஆட்கள் அதன் நுனிக்குப் போய் அமர்ந்து பாய்மரத்தை நிமிர்த்துவார்கள்.

நீரேரி வள்ளத்தில் பக்க மிதவை ஏன் இல்லை என்று பாசையூர் வள்ளக்காரரைக் கேட்டேன். மீன் பிடிக்க நட்ட களங்கட்டித் தடிகளுக்கும் கூட்டுக் கயிறுகளுக்கும் இடையே நுழைந்து போகவேண்டும், பக்கத்தில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் கொழுவும் என்றார்.

இன்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் மரவள்ளத்தை வாங்குவதில்லை. பைபர் படகு வாங்குகிறார். அதற்கும் பணம் இல்லாதவர் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகைத் துண்டுகளைக் கட்டித் தெப்பமாக்குகிறார். பைபர் படகு இந்த மண்ணுக்கு அந்நியமானது அல்ல. 1956இல் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரம் அங்குள்ள நண்பர்களோடு தொடங்கிய சீநோர் நிறுவனம், 1960களின் பிற்பகுதியிலிருந்து வடக்கின் தொழிலை மாற்றியது. காரைநகரில் படகு கட்டினார்கள், குருநகரில் வலை நெய்தார்கள். அது பெரிய பணி. ஆனால் பைபர் படகின் கூரிய அடி, இயந்திரத்தோடு அலையைக் கிழித்து ஓடுவதற்காக அமைந்தது. இயந்திரத்தை நிறுத்தி இடுப்பளவு நீரில் எழுந்து நின்றால் அது எளிதில் உலையும். ரெஜிபோம் தெப்பம் அகலமானது, நிற்கவும் விடும்; ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து கிடப்பதால் சோளகக் காற்று அதைப் பிடித்துக்கொண்டு போகும். வெயிலில் நொறுங்கி ஏரி முழுதும் வெள்ளைத் துகளாகவும் சிதறும்.

நீரேரிக்கு மரவள்ளத்தின் அடியை அப்படியே எடுத்துப் பைபரில் வார்த்த ஒரு சிறு படகு வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அச்சு எடுக்க நல்ல வள்ளங்கள் இன்னும் கரையில் கிடக்கின்றன, அவற்றின் அகலத்தை ஏன் அப்படி வைத்தார்கள் என்று சொல்லக்கூடிய ஓடாவிகளும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சிலர் அளவுநாடாவோடு வந்து வங்குக்கு வங்கு அகலமும் ஆழமும் குறித்தாலே வேலையில் பாதி முடிந்துவிடும். நான் இதைச் சொன்னபோது ஓடாவி உளியை வைத்துவிட்டு, பழுதுபார்த்துக்கொண்டிருந்த வள்ளத்தைக் காட்டினார்.

"இதை அடுத்த கிழமை இறக்கிப்போடுவன். அளக்கிறதெண்டா அதுக்கு முன்னம் வரச்சொல்லுங்கோ."