சல்லிக்கு ஓர் ஆற்றுப்படை

புதிய நாட்டுக்குச் செல்வோனுக்கு வழி கூறுதல் தமிழில் மிகப் பழைய இலக்கியப் பணிகளுள் ஒன்றாகும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் துறையில் அமைந்தவை. பரிசில் பெற்று மீள்வோன், எதிர்ப்பட்ட வறியோனுக்கு வள்ளலின் பெருமையை மட்டும் உரைத்து அமைவதில்லை. செல்லும் வழி, இடைப்படும் ஊர், ஆங்குக் கிடைக்கும் உணவு ஆகியவற்றையும் உரைக்கின்றான். மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. பன்றிக்கு வைத்த பொறிகளும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களும், வழுக்கும் பாறைகளும் அங்கே முன்கூட்டியே எச்சரிக்கப்படுகின்றன. ஓரிடம் செல்வோனுக்கு எதைத் தரும் என்பதோடு, செல்வோனிடம் அவ்விடம் எதை வேண்டி நிற்கும் என்பதையும் கூறுவதே நிறைவான வழிகாட்டல் என்பது அப்புலவர்களின் கொள்கை போலும்.

இக்கொள்கை இன்றைய பயணத்துக்கும் பொருந்துவதே. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டுக்குச் செல்ல எண்ணும் ஒருவர் எத்துணை ஆயத்தம் செய்கின்றார்! தலைநகரமாகிய லீமா கடற்கரையில் உள்ளது. குஸ்கோ நகரமோ ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் நேரே அங்குச் சென்று இறங்குவோருக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் உண்டாதல் கூடும். ஆதலின், முதல் இரண்டொரு நாளைத் தாழ்ந்த பள்ளத்தாக்கிலே கழித்து, உடலைப் பழக்கிக்கொண்டு மேலே ஏறுதல் நன்று என்பர். மே முதல் செப்டெம்பர் வரை அம்மலைநாட்டில் வறண்ட பருவம். மழை மிகும் பெப்ரவரியில் மச்சு பிச்சுவுக்கு நடந்து செல்லும் இன்காப் பாதை ஆண்டுதோறும் செப்பனிடுவதற்காக மூடப்படும். இவற்றையெல்லாம் செல்வோர் தேடிக் கற்கின்றனர். சேய்மை அச்சத்தைத் தருகின்றது. அச்சம் அறிவைத் தேடச் செய்கின்றது. அண்மையிலுள்ள ஊருக்குச் செல்லும்போதோ அவ்வச்சமும் இல்லை, தேடலும் இல்லை.

திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில், சாம்பல்தீவை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த சிற்றூர் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. கோயிலுக்கு வருவோரும் கடல் காண வருவோரும் கல்விச் சுற்றுலா மேற்கொள்ளும் மாணவரும் இப்பகுதிக்கு வருகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அவ்வூரைப் பற்றி ஏதேனும் கேட்டறிந்து வருகின்றனர்?

முதலில் அறியவேண்டுவது காலம். கீழைக்கரையின் ஆண்டு இரு காற்றுக்களால் பகுக்கப்படுகின்றது. வாடைக் காற்று வீசும் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை மிகும், கடல் கொந்தளிக்கும். கச்சான் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதியுறும். வெயிலும் அனலும் மிகும். பெருவின் மலைநாட்டுக்கு உகந்த மாதங்களே இக்கரைக்கும் உகந்தன என்பது வியப்பான ஒற்றுமை. மேற்குக் கரையில் கடல் சீறும் அக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களின் மீனவர் கீழைக்கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். சுற்றுலாப் பருவமும் மீன்பிடிப் பருவமும் ஒன்றே என்பதை இதனால் உணரலாம்.

அடுத்தது வழி. கொழும்பிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் ஊடாகச் செல்லலாம். புகையிரதப் பாதை கல்லோயாச் சந்தியிலே மட்டக்களப்புப் பாதையினின்றும் பிரிந்து திருகோணமலையை அடைகின்றது. வண்டி நேரங்கள் மாறக்கூடியன; புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்தல் நன்று. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே யானைகள் வீதியைக் கடக்கும். அந்தியிலும் இரவிலும் விரைந்து செல்லலாகாது. நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே சென்று, சாம்பல்தீவுப் பகுதியில் கடற்பக்கம் திரும்பின் சல்லியை அடையலாம். போர் நடைபெற்ற ஆண்டுகளில் இதே வீதிகளில் சோதனைச் சாவடிகள் பலவற்றைக் கடக்க வேண்டியிருந்தது. 2009 இல் போர் முடிந்தபின் வந்தோர் அந்நெடும் பயணத்தை அறியார். ஊரவரோ மறந்திலர்.

மூன்றாவதாக, கடல். பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் நீரின் அடியிலும் நீரோட்டம் உண்டு. களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரங்களில் இறங்குதல் பெருந்தீங்கு விளைக்கும். எங்கே குளிக்கலாம் என்பதை மீனவரிடம் கேட்டல் இழிவன்று. கேளாமை உயிரிழப்புக்கு ஏதுவாதல் கூடும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கின், வேடிக்கை பார்த்து நில்லாது மேட்டு நிலத்தை நோக்கி ஓடவேண்டும் என்பதை அன்று இத்தீவு பெருவிலை கொடுத்துக் கற்றது.

நான்காவது, மாந்தர். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றின் குறுக்கே நடத்தலும், வலை கரையேறுமுன் மடியை நெருங்கிப் படம் எடுத்தலும் தொழிலுக்கு இடையூறாவன. வலையை வளைத்து இறக்கி, இருபுறமும் பலர் கூடிப் பலமணி நேரம் இழுத்தபின், சில வேளை மடியில் மீன் இராது. கட்டணமின்றிக் காட்டப்படும் காட்சியன்று அது. அக்குடும்பங்களின் அன்றைய உணவு. கோயிலுக்குள் குளித்த ஈர உடையோடு செல்லலாகாது. காலணி வெளியே நிற்கவேண்டும். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பவளப்பாறை உயிருள்ளது. அதன்மேல் கால் வைத்தல் தகாது.

சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்துப் பரதவர் வழிச்செல்லும் பாணர்க்கு விருந்து அளிக்கின்றனர். அவ்விருந்தோம்பல் இன்றும் இக்கரையில் அற்றுப்போகவில்லை. ஆயின் பாணன் பசியோடு, பணிவோடு வந்தான். இன்று வருவோர் பணத்தோடு வருகின்றனர். பணம் கொடுத்தோர்க்கு இடம் முழுவதும் உரிமையாயிற்று என்னும் எண்ணம் எளிதில் வந்துவிடும். குஸ்கோவின் உயரத்துக்கு உடலைப் பழக்கிக்கொள்வோர், சல்லியின் வாழ்வுக்கும் உள்ளத்தைச் சிறிது பழக்கிக்கொண்டு வருதல் வேண்டும். அத்தகையோரை மீண்டும் வருக என ஊர் தானே கூறும்.