வெற்றுத் தேர்கள்

மாசி மகத்தன்று அரங்கநாதர் தேரின் வடத்தைத் தொடாமல் இருந்தால் காரமடைக்காரர்களுக்கு அந்த ஆண்டே குறைபட்டதாகத் தோன்றும். ஒரு மாசியில் நாங்கள் இருவரும் அப்படித்தான் இருந்தோம். ஊரில் தேர் நகர்ந்துகொண்டிருக்க, கோவையின் ஆய்வகம் ஒன்றில் நுண்ணோக்கியின் இருளுக்குள் பச்சை ஒளியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வேலை லென்டிவைரஸ் செய்வது. எச்.ஐ.வி.யிலிருந்து நோய் பரப்பும் பகுதிகளை நீக்கி, நாம் விரும்பும் மரபணுவைச் சுமந்து செல்லும் வாகனமாக மாற்றப்பட்டது அது. மரபணுவைக் கொண்ட பிளாஸ்மிட் ஒன்று, வைரஸின் கூட்டையும் உறையையும் தரும் பிளாஸ்மிட்கள் வேறு. இவற்றை 293டி செல்களுக்குள் செலுத்தி, இரண்டு மூன்று நாட்களில் வைரஸை வடித்தெடுக்க வேண்டும். அதை வேறு செல்களின் மேல் ஊற்றினால் அவை பச்சையாக ஒளிர வேண்டும். ஆறு மாதமாக ஒளிரவில்லை. ஆனால் பி24 என்னும் கூட்டுப் புரதத்தை அளந்தால் வைரஸ் ஏராளமாக இருப்பதாகவே தெரிந்தது.

மின்வெட்டைப் பழித்தோம், உறைந்த வைரஸைப் பலமுறை உருக்கிவிட்டோமோ என்று ஐயுற்றோம். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கைத்திறன் போதாதென்பது வெளிப்பட்டுவிடுமே என்ற கூச்சம். இறுதியில், இந்த மரபணு இவ்வகைச் செல்களில் வேலை செய்யாது என்ற முடிவையே ஆய்வேட்டில் எழுதத் தொடங்கிவிட்டோம். எழுதிய கை உறுத்தவே, முன்பு எங்களோடு பணியாற்றிய அக்காவைத் தொலைபேசியில் அழைத்தோம்.

முழுவதும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "வெறும் பச்சைப் புரதம் மட்டும் இருக்கிற கண்ட்ரோல் வைரஸ் கூடவே செஞ்சு பாத்தீங்களா கண்ணு?"

"இல்லீங்க்கா."

"அதைச் செஞ்சுட்டுக் கூப்பிடுங்க."

செய்தோம். கண்ட்ரோல் வைரஸ் பட்ட செல்கள் பளிச்சென ஒளிர்ந்தன. ஆகவே கையில் பிழையில்லை, செல்களிலும் இல்லை. எஞ்சியது எங்கள் பிளாஸ்மிட். நொதி கொண்டு வெட்டிப் பார்த்தபோது அதன் பெரும்பகுதி நீளம் குறைந்திருந்தது. லென்டிவைரஸ் பிளாஸ்மிட்டில் மரபணுவின் இருபுறமும் ஒரே வரிசை இருப்பதால், பாக்டீரியாவில் பெருக்கும்போது அவை தமக்குள் இணைந்து, நடுவில் உள்ளதை உதிர்த்துவிடுவதுண்டு. கூடு உருவாக அந்த நடுப்பகுதி தேவையில்லை. அதனால்தான் பி24 மிகுந்திருந்தது. உற்சவர் எழுந்தருளாத தேர்களை ஆறு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தோம்! இத்தகைய இணைவு குறைவாக நிகழும் பாக்டீரியா வகையில், 37 பாகைக்குப் பதில் 30 பாகையில் புதிதாக வளர்த்ததும் செல்கள் ஒளிர்ந்தன.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தாரும் இணைந்த ஆய்வு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானபோது இது மீண்டும் நினைவுக்கு வந்தது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயுற்ற ஐவரின் இரத்தக் குருத்தணுக்களில், இரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை லென்டிவைரஸ் வழியே செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு இல்லை. எங்களை நிறுத்தியது வேறொரு செய்தி. முதல் இருவருக்கு வைரஸ் நுழைவைக் கூட்டும் துணைப்பொருள் சேர்க்கப்படவில்லை. பிந்தைய மூவருக்குச் சேர்க்கப்பட்டது. மூவரிடம் எட்டாம் காரணி பன்மடங்கு கூடியிருந்தது. குறைந்த அளவுகளும் கூடிய அளவுகளும் அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. எங்களைப் போன்றோர் மறைக்க நினைக்கும் எண்கள் அவை.

நாங்கள் எழுதிய தவறான முடிவு வெளியே போயிருந்தால், அதை நம்பி யாரோ ஒருவர் அந்த மரபணுவையே கைவிட்டிருப்பார். அந்தப் பக்கங்களைக் கிழித்துப்போட்டோம்.

மறு மாசியில் தேருக்குப் போனோம். வடத்தைப் பிடிக்கும் முன் நண்பன் என் காதருகே குனிந்து கேட்டான்: "சாமி ஏறியாச்சா, பாத்தியா?"