குளிரில் முளைத்த சால்வியா

டிசம்பர் கடைசியில் ஊட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால், எதிரே புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். உறைபனி சும்மா விடுமா?

அத்தான் ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் பனிக்காலத்தில் கம்பளியை விட்டு வெளியே வரவே இல்லையாம். "முட்டி மட்டுமில்லடா, பேச்சும் உறைஞ்சு போச்சு" என்றாள் அக்கா. இந்த வருடம் அப்படியில்லை. ஒன்பதரை மணிக்கு வெயில் ஏறியதும் குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன்.

போன இடம், 1848-ல் உருவான அரசுத் தாவரவியல் பூங்கா. மேடும் பள்ளமுமாக 55 ஏக்கர். பாதிச் சுற்று வந்ததுமே உடம்பு சூடாகிவிட்டது. பூக்கள் குறைவுதான்; ஆனால் ஊழியர்களுக்கு ஓய்வே இல்லை. இளஞ்செடிகள் பனியில் கருகாமலிருக்க, மாலையில் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடுகிறார்கள். காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகளும் இந்தக் குளிரில்தான் தயாராகின்றன.

இதைப் பார்த்துதான் அத்தானும் வீட்டு ஜன்னலோரம் தொட்டிகளில் சால்வியா விதைத்திருக்கிறார். "போன வருஷம் குளிர் எப்ப போகும்னு நாளை எண்ணினேன் மாப்ளே. இப்ப முளையை எண்ணப் போறேன்."

முட்டிவலி இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் அவரே போனில் கூப்பிட்டார்: "நாப்பத்திமூணு!"