ஈயக்குண்டும் வீட்டுக் குழந்தையும்



வடகிழக்குப் பருவமழை பெய்து எங்கள் கூடுவாஞ்சேரியின் நந்திவரம் ஏரி நிறைந்துவிட்டால், வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படும் இளைஞர்களைத் தெருவில் காணலாம். விடுமுறை நாட்களில் தூண்டிலோடு கோவளத்துக்கும் முட்டுக்காட்டு உப்பங்கழிக்கும் போய்வருவோரும் உண்டு. நல்ல பொழுதுபோக்கு, வீட்டுக்கு மீனும் வருகிறது. அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அந்த வலையின் விளிம்பிலும் தூண்டில் நரம்பிலும் தொங்குகின்ற ஈயக்குண்டைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில், அந்தக் குண்டைச் சிலர் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள்.

சென்ற மழைக்காலத்தில் என் தம்பி மகன் என்னிடம் வந்து, "மாமி, பழைய வாணலி ஒண்ணு இருந்தா குடுங்க. ரெண்டு பழைய பேட்டரி கிடைச்சிருக்கு. உடைச்சு உருக்கினா வலைக்குக் குண்டு ஊத்திடலாம். கடையில வாங்கினா வீண் செலவு" என்றான். அவன் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மூத்த குழந்தைக்கு இரண்டு வயது. கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பருவம். நான் வாணலியைக் கொடுக்கவில்லை. அவனை உட்காரவைத்துச் சொன்னவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். வலைக்குண்டோ காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். "ஈயம்தானே, அந்தக் காலத்தில் அதில் சமைத்தே சாப்பிட்டார்களே!" என்று வெள்ளீயத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் காரீயத்தின் மீது வைத்துவிடக் கூடாது. காரீயம் நஞ்சு. 'இவ்வளவு வரை தீங்கில்லை' என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பெரியவர்களின் குடலைவிடக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது இரத்தத்தைக் குறைக்கும். வளர்கின்ற மூளையைத் தாக்கிப் படிப்பையும் கவனத்தையும் கெடுக்கும். உடலில் புகுந்த காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கியிருந்து, கர்ப்ப காலத்தில் மீண்டும் இரத்தத்தில் இறங்கி, கருவிலிருக்கும் சிசுவையும் அடைகிறது. இந்த நஞ்சுக்கு வாசனையில்லை, கசப்பில்லை. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு என்று அது காட்டும் அடையாளங்களையும் நாம் வேறு நோயாகவே எண்ணிக்கொள்வோம்.

என் அத்தா சென்னையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்த எழுத்துகளே அந்நாளைய அச்செழுத்துகள். மாலை ரயிலில் வந்து இறங்குபவர், எங்களைத் தொடவே மாட்டார். நேராகக் கிணற்றடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றித் தனியே நனைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தம்பியைத் தூக்குவார். அச்சகத்தின் மூத்த தொழிலாளி ஒருவர் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. காரீயத்தின் ஆபத்து அதைக் கையாள்பவரோடு நின்றுவிடுவதில்லை. அவருடைய கையிலும் சட்டையிலும் ஏறி வீட்டுக்கு வந்து குழந்தையைத் தேடுகிறது என்பதை அந்த எளிய மனிதர்கள் அறிந்திருந்தார்கள்.

இதற்குக் கொடிய சான்று ஆப்பிரிக்காவிலுள்ள செனகல் நாட்டில் இருக்கிறது. அதன் தலைநகரான டக்காரின் ஓரத்தில் தியாராய் சுர் மேர் என்னும் கடற்கரை ஊர். அங்குள்ள கொல்லர்கள் பழைய கார் பேட்டரிகளிலிருந்து காரீயம் எடுத்து மீன்வலைக்குக் குண்டு வார்த்து வந்தார்கள். கழிவெல்லாம் மணலில் கலந்தது. பின்னர் காரீயத்தின் விலை ஏறவே, அந்த மணலை அள்ளிச் சலித்து விற்கும் வேலை வீடுகளுக்குள்ளும் புகுந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தனர். அவர்களுடைய உடன்பிறந்தார், தாய்மார், அண்டை வீட்டார் என 81 பேரைப் பரிசோதித்தபோது, அத்தனை பேரின் உடலிலும் காரீய நஞ்சு ஏறியிருந்தது. வலைக்குண்டும் பழைய பேட்டரியும்தானே அங்கும் தொடக்கம்? சிந்தித்துப் பாருங்கள்.

ஆகவே, வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அங்கே காரீயம் உருக்கவே வேண்டாம். பேட்டரியை யாருமே உடைக்க வேண்டாம். அதில் கந்தக அமிலம் இருக்கிறது. உருக்கும்போது நச்சு வாயுக்களும் எழக்கூடும். பழைய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் விதி. 2022-இல் வந்த புதிய விதிகளும் அதையே வலியுறுத்துகின்றன. புது பேட்டரி விற்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். தம்பி மகனும் அப்படியே செய்துவிட்டு, வார்த்த குண்டுகளைக் கடையில் வாங்கிக்கொண்டான்.

இருந்தும், பழைய குண்டுகளைச் சேர்த்து வார்த்தே ஆக வேண்டும் என்போர், வீட்டைவிட்டுத் தள்ளித் திறந்த வெளியில் வார்க்கட்டும். காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். இரும்புச் சட்டியும் கரண்டியும் இதற்கென்றே தனியாக இருக்க வேண்டும். அவை மறுபடியும் சமையலறைக்குள் நுழையக் கூடாது. காரீயம் 327 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். வார்ப்பதற்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான சூடே போதும். சட்டி சிவக்கும்வரை காய்ச்சினால் நச்சுப்புகை பெருகும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அந்தப் புகையைத் தடுக்காது.

தண்ணீர்தான் உடனடிப் பகை. ஈரமான அச்சிலோ, உருகிய காரீயத்துக்குள் போடும் ஈரக் குண்டிலோ ஒரு சொட்டு நீர் இருந்தாலும், அது நொடியில் ஆவியாகி, கொதிக்கும் உலோகத்தை முகத்தில் வாரியிறைக்கும். அச்சை முன்கூட்டியே சூடாக்கி நன்றாக உலர்த்துங்கள். மழை தூறும் நாளில் இவ்வேலையைத் தொடாதீர்கள். கண்ணாடி, தோல் கையுறை, மூடிய காலணி, முழுக்கைப் பருத்திச் சட்டை ஆகியவை அவசியம். நைலான் துணி உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும்.

மேலே மிதக்கும் சாம்பல்நிறக் கசடு மிக நுண்ணிய காரீயத் தூளாகும். அதைத் தோட்டத்திலோ குப்பையிலோ கொட்டாமல், மூடியுள்ள தகர டப்பாவில் எழுதி ஒட்டி வைத்து, பழைய பேட்டரி சேகரிக்கும் அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படையுங்கள். வேலை செய்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வேலைக்கு நடுவே தேநீர், வெற்றிலை, பீடி எதுவும் கூடாது. முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளவுள்ள சிறு ஈயமணியைத் தூண்டில் நரம்பில் கோத்துப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதற்குக் குறடு இருக்கிறதே! ஈயமணிகள் கிடக்கும் டப்பா குழந்தைக்கு விளையாட்டுச் சாமானாகவும் ஆகிவிடக் கூடாது.

காரீயம் இல்லாமலும் மீன் பிடிக்கலாம். சுடுமண் குண்டும் துளையிட்ட கல்லும் பழங்காலத்து வலைகளைத் தாழ்த்தியவைதாம். தூண்டிலுக்கு இரும்பு நட்டு ஒன்றே போதும். நீரில் விழுந்த சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் மாண்டதால், இங்கிலாந்தில் அவற்றுள் பெரும்பாலானவற்றின் விற்பனை 1987 முதலே தடைசெய்யப்பட்டது.

ஏற்கெனவே வீட்டில் காரீயம் உருக்கியவர்கள் அஞ்சி ஒளிக்க வேண்டியதில்லை. குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நடந்ததைச் சொல்லி, இரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதிக்கக் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறதென்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டல். கேட்டாலொழிய இந்தச் சோதனை செய்யப்படுவது அரிது. ஆதலால், கேட்பது தாயின் பொறுப்பு. உண்மையைச் சொல்வது தகப்பனின் பொறுப்பு.