மச்சுக்கு ஒரு வயர்

சிந்துபூந்துறையில் நாங்கள் இருக்கும் வீடு என் மாமனார் 1946-இல் கட்டியது. செங்கலும் சுண்ணாம்புக் காரையும்தான். எந்தச் சுவரும் ஒன்றரை அடிக்குக் குறையாது. சித்திரை மாதத்திலும் பட்டாசலில் பாயை விரித்துப் படுத்தால் பத்து நிமிஷத்தில் தூக்கம் வந்துவிடும். ஆனால் தார்சாவில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டியின் சிக்னல் பட்டாசலைத் தாண்டுவதற்குள் பாதியாகிவிடும். மச்சில் சுத்தமாகக் கிடையாது.

செல்போனில் பழைய பாட்டு கேட்கிற எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. போன ஆடி மாதம் என் மனைவி புறவாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, படுக்கையோடு வீடு வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மூத்த மகள் ஓடி வந்தாள். ஆறு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கொடுத்திருந்தார்கள். கீழே நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் பேச்சுச் சத்தம் ஓயாது. அமைதியான இடம் மச்சு ஒன்றுதான். அங்கே போனாலோ, மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிடும். முதல் வாரத்தில் மட்டும் ஐந்து தடவை. மச்சுப்படியில் நடுவில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சமாளித்தாள்.

"அப்பா, இப்படியே இருந்தா ஆபீஸ்ல திரும்பி வரச் சொல்லிருவாங்க. அடுத்த மாசமே கிளம்ப வேண்டியிருக்கும்" என்றாள். அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று மெதுவாகத்தான் சொன்னாள். பாம்புச் செவி உள்ள என் மனைவி, ஒன்றும் கேட்காதவள் போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி ஒன்றை வரவழைத்துப் பார்த்தோம். தானே சரியாக வாங்க முடியாததை அது எப்படி அடுத்தவருக்குக் கொடுக்கும்? இரண்டே நாளில் அது வந்த வழியே போயிற்று. வயர் இழுப்பது என்று முடிவு செய்தோம்.

நான் பள்ளிக்கூடம் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். வேலையும் கல்யாணமும் அமைந்த பிறகுதான் திருநெல்வேலி. எங்கள் வாத்தியார் ரேடியோவை 'தே எஸ் எஃப்' என்பார். கம்பியில்லாத் தந்தி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. கம்பியை ஒழிப்பதுதான் முன்னேற்றம் என்று அப்போதே மண்டையில் ஏறிவிட்டது. எழுபத்தைந்து வயதில் கம்பியைத் தேடிப் போக வேண்டியிருந்தது எனக்கே வேடிக்கைதான். இதில் இன்னொரு வேடிக்கை, இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஈதர்நெட். 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் வைத்த பெயர். ஹவாய்த் தீவுகளில் ரேடியோ மூலம் கம்ப்யூட்டர்களை இணைத்திருந்த அலோஹாநெட்டைப் பார்த்து வந்த யோசனை. ஒளி பயணம் செய்வதற்காக வெளியெங்கும் ஈதர் என்ற ஒன்று நிறைந்திருக்கிறது என்று முன்காலத்து விஞ்ஞானிகள் நம்பினார்கள் அல்லவா, அந்த ஈதர்தான். கம்பிக்கு ஆகாசத்தின் பெயர்!

வண்ணார்பேட்டையிலிருந்து கேமரா மாட்டுகிற பையன் ஒருவன் வந்தான். சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது செவரா, கோட்டை மதிலா?" என்றான். அவன் சொன்ன முதல் வழி, வெளியே சன்ஷேடு ஓரமாகக் கிளிப் அடித்து ஏற்றுவது. ஐப்பசி கார்த்திகையில் இங்கே விழும் இடியை நினைத்து வேண்டாம் என்றேன். தெருவிலிருந்து வருவது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. வீட்டுக்குள் ஓடப்போவது செம்பு. அதைக் கொண்டுபோய் வெட்டவெளியில் விடுவானேன்? வீட்டுக்குள் போடுகிற சாதாரண வயர் வெயிலில் வெடித்தும் போகும். இரண்டாவது வழி, கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைப்பது. அதுவும் கூடாது. கரண்டும் இதுவும் ஒரே பைப்பில் போனால் ஆபத்து. பக்கத்தில் ஒட்டி ஓடினாலே இரைச்சல் ஏறும். குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் செங்குத்தாகத் தாண்ட வேண்டும்.

"அப்ப செவத்தை உடைக்கணும் அண்ணாச்சி."

படுக்கையிலிருந்து குரல் வந்தது: "எங்கப்பா கட்டின செவத்துல கை வச்சிராதீங்க."

எனக்கு அப்போதுதான் பழைய டெலிபோன் ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் வயர் ஏறுவது புதிதில்லை. பாபநாசம் மின்நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. வீடு கட்டும்போதே மரப்பட்டிக்குள் கரண்ட் வயர் வந்துவிட்டது. 1989-இல் டெலிபோன் வந்தபோது, மாமனார் மச்சிலும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து, தார்சாவிலிருந்து மச்சு வரை உத்தரத்தை ஒட்டி வயர் இழுக்க வைத்தார். டெலிபோன் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. வயரும் அது நுழைந்த துவாரங்களும் அப்படியே இருந்தன.

பையன் முகம் மலர்ந்தது. நீளமான டிரில் பிட் வைத்து, இடிக்கும் விசையை நிறுத்திவிட்டு, துவாரங்களை மெல்ல அகலப்படுத்தினான். காரைச் சுவரை அதிரவிட்டால் பொலபொலவென்று கொட்டும். பிறகு பழைய டெலிபோன் வயரின் நுனியில் புதிய வயரைக் கட்டி, மச்சில் நின்று இழுத்தான். டெலிபோன் வயர் போக, இணைய வயர் வந்தது. ஒன்று இழுக்கிற கூலியில் இரண்டாக இழுக்கச் சொன்னேன். துவாரத்தைச் சிமெண்டால் அடைக்க விடவில்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது. ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்து வைக்கும்.

வயர் வாங்கியபோது கடைக்காரரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பேனாக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை குறைவுதான், ஆனால் சீக்கிரம் முறியும். இது முழுச் செம்பு, கேட் சிக்ஸ் ரகம். மொத்த ஓட்டம், நான் டேப் பிடித்து அளந்தது, 28 மீட்டர். இந்த வயர் 100 மீட்டர் வரை தாங்கும்.

வயருக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். இப்படி முறுக்குவது டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல் 1881-இல் காப்புரிமை வாங்கிய உத்தி. வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப் போகும். கருவூலத்தில் வரவையும் செலவையும் நேர் செய்கிற வேலைதான். அதனால் பிளக் மாட்டும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. நிறங்களுக்கும் வரிசை உண்டு: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று மகளிடம் கேட்டேன். நடுவில் உள்ள இரண்டு இடமும் டெலிபோன் லைனுக்கானது, அந்தப் பழக்கம் மாறாமல் இருக்க என்றாள். செத்த டெலிபோனுக்கு இன்னும் நடு நாற்காலி!

தார்சாவில் இருந்த பெட்டியையும் கதவு நிலைக்கு மேலே ஏற்றச் சொன்னேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி எங்கள் பட்டாசலுக்குள் முழங்கால் அளவு நின்றாள். கீழே இருந்த பிளக் பாயிண்ட் அத்தனையும் போயிற்று. ஆற்றங்கரையில் குடியிருக்கிறவன் எதையும் உயரத்தில்தான் வைக்க வேண்டும்.

டெஸ்டர் வைத்தபோது ஆறாவது விளக்கு எரியவில்லை. பையன் முகம் சுளிக்காமல் நுனியை வெட்டி மறுபடி மாட்டினான்; எட்டும் வரிசையாக எரிந்தன. மச்சில் வயரின் முனையில் இன்னொரு வைஃபை பெட்டி வைத்தோம். அந்தப் பெட்டி போக, வயர், சாக்கெட், கூலி எல்லாம் சேர்த்து 3,300 ரூபாய்.

மறுநாளிலிருந்து மகள் மச்சில். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் மீட்டிங் நடுவே இறங்கி வந்து, அம்மாவை வாக்கர் பிடித்துப் பட்டாசலிலிருந்து தார்சா வரை நடக்க வைப்பாள். நான் சொன்னால் 'நாளைக்குப் பாப்போம்' என்கிறவள், மகள் வந்து நின்றால் மறுபேச்சில்லாமல் எழுந்திருப்பாள். தை பிறந்தபோது வாக்கரை மூலையில் வைத்துவிட்டு, சுவரைத் தொட்டபடி வாசல் வரை நடந்தாள். மகள் அந்த மாதக் கடைசியில்தான் பெங்களூர் கிளம்பினாள்.

எந்த வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் படம் போட்டு, ஃபியூஸ் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். எழுத்தர் புத்தி எங்கே போகும்? இரண்டாவது வயர் இன்னும் சும்மாதான் கிடக்கிறது. தீபாவளிக்கு வரும்போது மச்சில் டிவி வைத்து அதில் மாட்டப்போவதாகச் சின்னவன் சொல்லியிருக்கிறான்.